கொல்லிமலைச் சாலையில் இயங்கும் ஆம்புலன்ஸ்களுக்கு மலைக்கேற்ற கருவிகளும் உதவியாளர்களுக்குப் பயிற்சியும் கோரும் மனு

அனுப்புநர்
செம்மேடு சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் பொதுமக்கள்,
கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாமக்கல்.

பொருள்: மலைப்பாதையில் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் அரசு, தனியார் ஆம்புலன்ஸ்களின் கருவிகளைக் கூட்டாய்வு செய்யவும், மருத்துவ உதவியாளர்களுக்கு இச்சாலையிலேயே பயிற்சி அளிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காரவள்ளி அடிவாரத்துக்கும் சோளக்காட்டுக்கும் இடையிலுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். தலைக்காயம், நெஞ்சுவலி, சிக்கலான பிரசவம் என்று மேல்சிகிச்சை தேவைப்படும்போது அவற்றைக் கடந்துதான் நாங்கள் நாமக்கல் சென்றாக வேண்டும். சமவெளியில் கால் மணி நேரத்தில் மருத்துவமனை வாசலை அடைந்துவிடும் வண்டிக்குப் போதுமான கருவியும் பயிற்சியும், இங்கே ஒன்றரை மணி நேரம் நோயாளியோடு தனித்திருக்கும் உதவியாளருக்குப் போதவில்லை என்பதே எங்கள் முறையீடு.

கடந்த மாசி மாதம் மிளகு பறித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஏணி சரிந்து தலை அடிபட விழுந்தார். கயிற்றுக் கட்டிலில் கிடத்திச் சாலைவரை தூக்கி வந்தோம்; கழுத்தை அசைக்கக் கூடாது என்பது அப்போது எங்களுக்கும் தெரியவில்லை. வந்த வண்டியில் இருந்த கழுத்துப்பட்டை ஒன்றே ஒன்று, அதுவும் அவருக்குப் பெரிது. உதவியாளர் துண்டைச் சுருட்டி இருபுறமும் வைத்தார். வளைவுகள் தொடங்கியதுமே காயம்பட்டவர் வாந்தி எடுத்தார். வாயிலுள்ளதை உறிஞ்சி எடுக்க வேண்டிய சக்‌ஷன் கருவி சிறிது ஓடி, சார்ஜ் இன்றி நின்றுவிட்டது. துணியால் துடைத்துக்கொண்டே இறங்கினோம். ஸ்ட்ரெச்சரில் தலை வண்டியின் முன்பக்கம் இருப்பதுதான் வழக்கம். ஆனால் இறக்கத்தில் முன்பக்கம் தாழ்வதால் அவர் தலை காலைவிடத் தாழ்ந்து கிடந்தது. அதை உடனிருந்த நான் கவனித்தேனே தவிர, என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை, அந்த இளம் உதவியாளருக்கும் தெரியவில்லை. தலைக்காயம் பட்டவரின் தலைப்பக்கம் சுமார் 30 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும் என்றும், முதுகெலும்பில் அடியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால் இடுப்பை மடக்காமல் படுக்கைப் பலகையோடு சேர்த்தே சாய்வாக உயர்த்த வேண்டும் என்றும் பின்னர் ஒரு மருத்துவர் விளக்கினார். காயம்பட்டவர் பிழைத்துக்கொண்டார், பேச்சு இன்னும் குழறுகிறது. அந்த உதவியாளர் மீது எங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை. கையில் இருந்ததைக் கொண்டு அவர் முடிந்ததைச் செய்தார்.

ஆம்புலன்ஸ்களின் கட்டமைப்புக்கும் கருவிகளுக்கும் ஏ.ஐ.எஸ். 125 என்னும் தேசியத் தரநிலை உள்ளது; அடிப்படை உயிர்காப்பு, மேம்பட்ட உயிர்காப்பு என வகை பிரித்து அது தேவைகளை வரையறுக்கிறது. எனவே சுகாதாரத் துறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் இணைந்து, இம்மலையில் இயங்கும் ஒவ்வொரு வண்டியையும் அதன் வகைக்குரிய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆணையிட வேண்டுகிறோம். கருவி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அதை இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். சக்‌ஷன் கருவிக்கு மின்சாரம் வேண்டாத கைவிசை மாற்று ஒன்றும், குழந்தை முதல் பெரியவர் வரைக்கான கழுத்துப்பட்டைகளும் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆக்சிஜனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. 10 லிட்டர் நீர்க்கொள்ளளவுள்ள பி வகை சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் தரும். நிமிடத்துக்கு 15 லிட்டர் செலுத்தினால் 100 நிமிடம் வரும். பாதியே இருந்தால் 50 நிமிடத்தில் தீர்ந்து, வண்டி நாமக்கல்லை எட்டியிருக்காது. இந்தக் கணக்கைப் புறப்படும் முன் போட வேண்டும். 40/70 என்ற வளைவு எண் பலகைக்கு அருகில் சிலிண்டரின் அழுத்தமானி முள் பூஜ்யத்தைத் தொடும்போது போட்டுப் பயனில்லை.

பயிற்சி வகுப்பறையோடு முடியாமல் இதே சாலையில், ஓடும் வண்டியில், பொம்மை உடலை வைத்து நடத்தப்பட வேண்டும். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பது பாடம். வளைவில் திரும்பும் வண்டியில் நின்றுகொண்டு அதைச் செய்ய முயன்றால் உதவியாளரே விழுவார். வண்டி குலுங்கினால், மின்னதிர்வு கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் ஏ.இ.டி. கருவியும் இதயத் துடிப்பைச் சரியாகப் படிக்காது. ஆகவே எந்த நிலையில் வண்டியை நிறுத்திச் சிகிச்சை செய்வது, எந்த வளைவை அடுத்துப் பாதுகாப்பாக ஒதுங்க இடமிருக்கிறது என்பதை ஓட்டுநரும் உதவியாளரும் சேர்ந்தே பழக வேண்டும். வழியில் பல இடங்களில் டவர் கிடைக்காததால் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுச் செய்வதும் இயலாது. அதற்கென எழுத்து மூலமான சிகிச்சை வழிமுறை ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும்.

2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்துக்கு உள்ளானவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. மரத்திலிருந்து விழுபவர் அதில் வரமாட்டார். அது வேறு மனுவுக்குரிய செய்தி. இங்கே நாங்கள் கேட்பது அந்த 48 மணி நேரத்துக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தை.

சாலைப் பயிற்சிக்கான நாளைத் தாங்கள் முன்கூட்டித் தெரிவித்தால், வளைவுகளில் வாகனங்களை நிறுத்தி ஒழுங்குபடுத்தவும், நோயாளியாகப் படுத்து ஒத்துழைக்கவும் எங்கள் ஊர் இளைஞர்கள் வருவார்கள். கூட்டாய்வின் முடிவைச் செம்மேடு வட்டாட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்

இடம்: செம்மேடு
இணைப்பு: கையொப்பப் பட்டியல்