2 நிமிடம் 40 நொடிக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

இடம் கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் மின்னஞ்சல் வந்தது. முதல் வரியில் "மகிழ்ச்சி" என்ற சொல் கண்ணில் பட்டதும் மூடிவிட்டேன். மிச்சத்தைப் படிக்கும் தைரியம் வர ஒரு மணி நேரம் ஆனது. பள்ளி உளவியலில் ஸ்பெஷலிஸ்ட் பட்டம் (முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவில் வருவது), மூன்று வருடப் படிப்பு, வருகிற ஆகஸ்டில் வகுப்பு.

டிசம்பர் முதல் வாரத்தில் விண்ணப்பத்தோடு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் கூடவே நின்றீர்கள், மீதிப் பேர் நடுராத்திரியில் என் புலம்பலைக் கேட்டீர்கள். அதை மறுபடி எழுதப் போவதில்லை. போன வருடம் வந்த "வருந்துகிறோம்"களையும் எண்ணிக் காட்டப் போவதில்லை. கையில் இன்னும் கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது. அது நிற்பதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருவருக்கு மட்டும் நிறைய இடம் எடுத்துக்கொள்வேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வகுப்பறை உதவியாளராக இருக்கும் பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும் உளவியலாளர் அவர். 500 மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் சொல்லும் கணக்கு. அவர் தலையில் மூன்று பள்ளிகள். அவருக்கென்று அறைகூடக் கிடையாது. நூலகத்துக்குப் பின்னால் காகிதப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, அதில் ஒன்று குழந்தைகள் உட்காரும் உயரம். இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது காலை வணக்கமும், "அந்தப் பையன் இன்று வந்திருக்கிறானா?" என்ற கேள்வியும்தான். அவரிடம் உதவி கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் பிரின்டரில் என் எஸ்ஓபி (இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரை) அவருடைய அறிக்கையோடு கலந்து வந்துவிட்டது. பிரித்துக் கொடுக்க வந்தவர் தலைப்பைப் பார்த்தார். "பள்ளி உளவியலா? 20 நிமிடம் இருக்கிறது, வாங்க" என்றார். அது அவருடைய சாப்பாட்டு நேரம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேசை மேல் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தது. கட்டைகளை அடுக்கி வடிவம் அமைக்கும் சோதனையில் குழந்தைகளுக்கு நேரம் பார்ப்பதற்கு வைத்திருப்பது. அதை அழுத்திவிட்டு என் கட்டுரையைப் படிக்கத் தொடங்கினார். எனக்குப் பகீரென்றது. அவர் அவசரப்படவில்லை. பென்சில் நுனி ஒவ்வொரு வரிக்கும் அடியில் நகர்ந்துகொண்டே போனது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஸ்டாப்வாட்சை டக்கென்று நிறுத்தி, என் பக்கம் திருப்பினார். 2 நிமிடம் 40 நொடி.

"முதல் குழந்தை வருவதற்கு இவ்வளவு நேரம்" என்றார்.

நான் கட்டுரையை வரலாற்றிலிருந்து தொடங்கியிருந்தேன். 1896ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் உளவியல் கிளினிக் தொடங்கினார் என்று கம்பீரமாக ஒரு வாக்கியம். எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம் அது. அவர் அதைத் தொட்டுக் காட்டி, "அவரிடம் முதலில் வந்தது யார் தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. "எழுத்துக்கூட்ட வராத ஒரு பையன். அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது அவனுடைய ஆசிரியை. நீங்கள் அவனையும் விட்டுவிட்டீர்கள்."

சரி, உங்கள் குழந்தை யார் என்று அடுத்த கேள்வி. எழுதச் சொன்னால் பென்சில் சீவப் போய்விடும் பையனைப் பற்றிச் சொன்னேன். பெயர் வேண்டாம், நடந்தது போதும் என்றார். ஒரு நாள் காலையில் மட்டும் 11 தடவை போனான் என்றேன்.

"11 என்று எப்படித் தெரியும்?"

"எண்ணினேன்."

"கணக்குப் பாடத்தில்?"

"ஒரு தடவைகூடப் போகவில்லை."

பென்சிலை மேசையில் வைத்துவிட்டார். "இதை ஏன் எழுதவில்லை?" என்றார்.

உண்மையைச் சொன்னால், அன்று நான் எண்ணியது பெரிய அறிவினால் இல்லை. அவனைத் திட்ட மனம் வரவில்லை, வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை, அதனால் ஒரு தாளின் ஓரத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அடங்காத பையன் என்றுதான் வகுப்பில் பேச்சு. அடங்காத பையன் கணக்கில் மட்டும் எப்படி அடங்கி உட்காருவான் என்று கேட்க அந்தக் கோடுகள்தான் வழி விட்டன. இந்த வேலையில் முதல் படி அதுதான் என்று எனக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை. நான் நான்கு மாதமாக மனித மனத்தின் ஆழத்தைப் பற்றி எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் கட்டுரையில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. அந்தப் பையன் தலைகாட்டும் இடத்தில் ஓரமாக ஒரு சின்ன டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். அன்றிரவே முதல் ஒன்றரைப் பக்கத்தைத் தூக்கிவிட்டு, "ஒரு காலைப்பொழுதில் 11 தடவை" என்று தொடங்கினேன்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேராசிரியர்கள். முதல் கேள்வியே "அந்தப் பென்சில் பையனுக்குப் பிறகு என்ன ஆனது?" எனக்குத் தெரியாது, அவனுக்கு நடந்த மதிப்பீட்டின் முடிவு அவன் குடும்பத்துக்கும் மதிப்பிட்ட குழுவுக்கும் உரியது, உதவியாளராக நான் கேட்கக்கூடிய விஷயம் அல்ல என்றேன். மூவரில் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வீடு வரும்வரை பயந்துகொண்டே வந்தேன்.

மற்றவர்களுக்கு வருகிறேன். பரிந்துரைக் கடிதம் தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன பேராசிரியருக்கு முதல் நன்றி. "உங்கள் மதிப்பெண் மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது, என் கடிதம் சப்பென்று இருக்கும், உங்களை வேலையில் பார்த்தவரிடம் கேளுங்கள்" என்றார். அன்றைக்கு அழுதேன், இன்றைக்குக் கும்பிடுகிறேன். அப்படிப் போய்க் கேட்டபோது இரண்டே நாளில் எழுதிக் கொடுத்த சிறப்புக் கல்வி ஆசிரியைக்கு, டிரான்ஸ்கிரிப்டில் ஒரு பருவம் விட்டுப்போயிருப்பதைக் கவனித்து தொலைபேசியில் கூப்பிட்ட துறை அலுவலகத்துக்காரருக்கு, காணொளியில் கோபக்காரப் பெற்றோராக நடித்து என்னை வறுத்தெடுத்த நான்கு நண்பர்களுக்கு (நடிப்பு என்று இன்னும் நம்ப முடியவில்லை), விண்ணப்பத் தளத்தை நான் பார்க்கக் கூடாது என்று கடவுச்சொல்லையே மாற்றி வைத்த அக்காவுக்கு. டிசம்பரில் என் வேலையைச் சேர்த்துப் பார்த்த மற்ற உதவியாளர்களுக்கு நன்றி என்ற சொல் போதாது. எழுதி வைக்கிறேன்.

பள்ளி ஆலோசகர் வேலைதானே இது என்று பத்துத் தடவையாவது கேட்ட மாமாவுக்கும் நன்றி. பதினொன்றாவது தடவை விளக்கும்போதுதான் எனக்கே தெளிவாகப் புரிந்தது.

மூன்றாம் வருடம் 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப் இருக்கிறது. அதில் பாதியாவது பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி. மூச்சுவிட நேரம் இருக்காது என்கிறார்கள். ஆனாலும் இங்கே எல்லார் முன்னாலும் சொல்லி வைக்கிறேன்: அந்த வருடத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, யாராவது எஸ்ஓபியோடு வந்து நின்றால் 20 நிமிடம் கொடுப்பேன். ஒத்துக்கொண்டு மறந்துபோனால் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுங்கள்.

நேற்று அந்தக் காகிதப் பெட்டிகளுக்கு நடுவே போய் விஷயத்தைச் சொன்னேன். அறிக்கை தட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார், நாற்காலியைக் காட்டினார். முன்பாடம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். புள்ளியியல் என்றேன். "கோடையிலேயே முடித்துவிடுங்கள். திட்ட விலக்கம் தெரியாமல் உளவியல் சோதனைகள் பற்றிய வகுப்பில் உட்காராதீர்கள்" என்றார். நன்றி சொல்ல நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அப்புறம் மணி அடித்தது. அடுத்த குழந்தை வாசலில் வந்து நின்றான். நான் அவன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், எழுந்துகொண்டேன்.