நீ கேட்ட லிங்க்

திண்டுக்கல்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று கோபித்திருப்பாய். தப்பு உன்னுடையதுதான். "நிழலை வைத்து மணி பார்க்கிற கடிகாரம் செய்வது பற்றி எப்போதோ ஒரு பக்கம் அனுப்பினாயே, அந்த லிங்க் இருக்கிறதா?" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டாய். அந்த ஒரு வரி என் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது.

வீட்டுச் செய்தி முதலில். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை வரி விடாமல் வாசித்து எல்லாருக்கும் செய்தி சொல்கிறாள். பெரியவள் ப்ளஸ் டூ. இயற்பியலில் சந்தேகம் வந்தால் "செல்வம் மாமாவைக் கேளுங்கள்" என்கிறாள், அப்பன் ஒருத்தன் எதிரே உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் படுவதில்லை. மில்லில் வேலை அப்படியேதான். சர்வர் அறையில் ஏசி ஓடுகிறது, என் மேஜைக்கு மேலே ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்றுவதில்லை.

சரி, லிங்குக்கு வருகிறேன்.

பிரவுசரில் பக்கங்களைச் சேமித்து வைக்கிற புக்மார்க் பகுதியைத் திறந்து "கடிகாரம்" என்று தேடினேன். ஒன்றும் இல்லை. "நிழல்" என்று தேடினேன். காய்கறிப் பாத்திக்கு மேலே கட்டுகிற நிழல் வலை பற்றி ஒன்று வந்தது. "சூரிய" என்று போட்டால் சோலார் பேனல் விலைப் பட்டியல்கள் வரிசையாக நிற்கின்றன. ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்ப் பார்த்தேன். "பிறகு படிக்க", "பிறகு படிக்க 2", "முக்கியம்", "மிக முக்கியம்". இந்த "மிக முக்கியம்" ஃபோல்டரில் 2014-இல் வாங்க நினைத்து வாங்காமல் விட்ட மிக்ஸி ஒன்று இருக்கிறது. நமக்கு எது முக்கியமாக இருந்திருக்கிறது பார்.

வெட்கமாகப் போய்விட்டது. பதினெட்டு வருஷம் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறவன் நான். மில்லின் லாக் ஃபைலில் ஒரு வரியைத் தேடித் தரச் சொன்னால் டெர்மினலில், அதாவது கட்டளைகளை டைப் அடித்து வேலை வாங்குகிற திரையில், அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். என் சொந்தச் சேமிப்பில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் இதையும் டெர்மினலுக்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

அதற்கென்றே "புக்கு" என்று ஒரு நிரல் இருக்கிறது. பாடப்புத்தகத்தை நம் ஊரில் "புக்கு" என்போமே, கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு. மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் அந்தச் சொல்லுக்குப் புத்தகம் என்றுதான் பொருள். பைத்தானில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள், எழுதியவர் அருண் பிரகாஷ் ஜனா. முதல் பதிப்பு 2015-இல் வந்தது. ஜன்னல் கிடையாது, பட்டன் கிடையாது. டெர்மினலில் "புக்கு" என்று அடித்து, "-ஏ" போட்டு, பக்கத்தின் முகவரியை ஒட்டி, உனக்குத் தோன்றுகிற குறிச்சொற்களைக் கமா போட்டு எழுதினால் போதும். அதுவே அந்தப் பக்கத்துக்குப் போய்த் தலைப்பை எடுத்து வந்து சேர்த்துவிடும். ஏற்கெனவே இருக்கிற முகவரி என்றால் இன்னொரு முறை சேர்க்காது. தேடினால் நம்பர் போட்ட பட்டியல் வரும். நம்பரை அடித்தால் அந்தப் பக்கம் பிரவுசரில் திறக்கும்.

எல்லாம் ஒரே ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் யாரிடமாவது கொடுத்து வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்த்துவிட்டோமே. நம் காலத்தில் டெலிஷியஸ் என்று புக்மார்க் சேமிக்கிற தளம் ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? 2003-இல் தொடங்கியது. 2005-இல் யாஹூ வாங்கியது, பிறகு கைமாறிக்கொண்டே போய் 2017-இல் அதே வேலை செய்கிற பின்போர்டு தளம் வாங்கி, இனிமேல் புதிதாக எதுவும் சேர்க்க முடியாது, பார்க்க மட்டுமே முடியும் என்று ஆக்கியது. பிறகு படிக்கப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற பாக்கெட் செயலியை 2025 ஜூலை 8-ஆம் தேதி மூடினார்கள்.

பழைய புக்மார்க்குகளை உள்ளே கொண்டுவருவதில் பெரிய சிரமம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலிருந்தும் இழுத்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. ஃபோல்டர் பெயர்களையே குறிச்சொல்லாகப் போடவா என்று கேட்கும். நான் யோசிக்காமல் சரி என்றேன். விளைவு, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு "பிறகு படிக்க" என்று குறிச்சொல் விழுந்துவிட்டது.

இடையில் ஒரு வேடிக்கை. எந்தப் பக்கத்தை எப்போது சேர்த்தேன் என்று பார்க்க ஆசைப்பட்டு, பிரவுசர்களின் ஃபைல்களையே நேராகத் திறந்து பார்த்தேன். ஃபயர்ஃபாக்ஸ் 1970 ஜனவரி 1-லிருந்து மைக்ரோ செகண்டில் எண்ணுகிறது. யூனிக்ஸ் பழக்கம், புரிகிறது. குரோம் 1601 ஜனவரி 1-லிருந்து எண்ணுகிறது! விண்டோஸ் நேரக் கணக்கின் தொடக்கம் அது, 400 வருஷ லீப் சுழற்சிக்கு வசதி என்று வைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி பட்டயம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி வித்தியாசத்தை விட்டுவிட்டால், கம்பெனி பிறந்த மறுநாளிலிருந்து என் மிக்ஸி லிங்குக்குக் கணக்கு ஓடுகிறது. உன் வகுப்பில் சொல்லு, பையன்கள் சிரிப்பார்கள்.

ஆக மொத்தம் 3,106 பக்கங்கள். அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று பார்க்க வேண்டாமா? முகவரிகளை மட்டும் வரிசையாக அச்சிடச் சொல்லி, ஒவ்வொன்றையும் "கர்ல்" என்ற கட்டளையிடம் கொடுத்து, அந்தப் பக்கத்தின் சர்வர் என்ன நம்பர் சொல்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். 200 என்றால் பக்கம் இருக்கிறது, 404 என்றால் இல்லை. இரவு ஓடவிட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. என்னுடையது மட்டும் இப்படி என்று நினைக்காதே. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போயிருந்தன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது.

200 வந்ததையும் நம்ப முடியாது. வீடு அங்கேயே இருக்கும், ஆள் மாறியிருப்பார்கள். சித்த மருத்துவக் குறிப்பு எழுதிய ஒருவரின் தளத்தில் இப்போது ஆன்லைன் ரம்மி நடக்கிறது. சில சர்வர்கள் டெர்மினலில் இருந்து வந்தவனைத் திருடன் என்று நினைத்து 403 சொல்லி விரட்டும், பிரவுசரில் போனால் கதவைத் திறக்கும். அதனால் சந்தேகமானதை எல்லாம் கையால்தான் பார்த்தேன்.

அப்போது ஒரு கூத்து நடந்தது. செத்துப்போனவற்றின் நம்பர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். 40-ஐ அழித்த நேரத்தில் காபி வந்தது. திரும்பி வந்தபோது 40-ஐ அழித்தோமா இல்லையா என்று சந்தேகம். இன்னொரு முறை அழித்தேன். "சரி" என்றது. முதல் முறையே அழித்திருந்தால் இப்போது "அப்படி ஒன்று இல்லை" என்றல்லவா சொல்ல வேண்டும்? கையேட்டைப் புரட்டினேன். ஒன்றை அழித்தால் வரிசையில் ஓட்டை விழாமல் இருக்க, கடைசியில் இருப்பதை எடுத்து அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுமாம். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒருவன் எழுந்தால் வரிசைக் கடைசியில் நிற்பவன் வந்து உட்காருவானே, அதே கதை. வரிசைக் கடைசி ஆள் 40-இல் வந்து உட்கார்ந்திருக்கிறான், இரண்டாவது தடவை அவனை அநியாயமாக அனுப்பிவிட்டேன். நல்ல வேளை, தொடங்கும் முன் அந்த ஒற்றை ஃபைலை நகல் எடுத்து வைத்திருந்தேன். அழிக்கும்போது நம்பர்களை மொத்தமாகக் கொடுத்தால் பெரியதிலிருந்து சிறியதற்கு அதுவே போய்விடும், குழப்பம் வராது. காபியோடு ஒவ்வொன்றாக அழிக்காதே.

இத்தனைக்கும் உன் கடிகாரம் கிடைக்கவில்லை. புக்குவிலும் "கடிகாரம்", "நிழல்" இரண்டையும் போட்டேன். அதே நிழல் வலைதான் வந்தது.

பிறகுதான் உறைத்தது. நான் தமிழில் தேடிக்கொண்டு, இங்கிலீஷில் தேடுகிற மாதிரி தேடுகிறேன். புக்கு சாதாரணமாக முழுச் சொல்லைத்தான் பொருத்திப் பார்க்கும். நம் மொழியில் முழுச் சொல் எங்கே இருக்கிறது? கடிகாரத்தை, கடிகாரங்கள், கடிகாரமும் என்று வால் மாறிக்கொண்டே இருக்கும். வாலை வெட்டிவிட்டு "கடிகார" என்று மட்டும் கொடுத்து, "டீப்" என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் சொல்லின் நடுவிலும் தேடும். தமிழுக்கு அது இல்லாமல் ஆகாது.

"கடிகார" போட்டேன். சுவர்க் கடிகாரத்தை ரிப்பேர் செய்வது ஒன்று, அவ்வளவுதான். அப்புறம் நம் தமிழய்யா வந்து காதைத் திருகின மாதிரி ஒரு ஞாபகம். நிழல் என்பது அடுத்த சொல்லோடு சேரும்போது நிழலாகவே இருக்குமா? லகரம் றகரமாகத் திரியுமே! வாலோடு கொஞ்சம் உடம்பையும் வெட்டி "நிழ" என்று மட்டும் கொடுத்தேன். ஐந்து வந்தன. நிழல் வலை ஒன்று, நிழற்படக் கலை பற்றி மூன்று, ஐந்தாவது "நிழற்கோல் நாட்டுவது எப்படி". நீ கேட்டது இதுதான். 2011-இல் ஒருவர் தன் வலைப்பூவில் எழுதியது. அவர் அதைக் கடிகாரம் என்று சொல்லவே இல்லை. முகவரியும் உதவியிருக்காது. தமிழ்த் தலைப்பை முகவரியாக்கத் தெரியாமல் வலைப்பூத் தளமான பிளாகர் எல்லாருக்கும் "பிளாக்-போஸ்ட்" என்றும் ஒரு நம்பரும் போட்டுக் கொடுத்த காலம்.

சந்தோஷத்தில் சோதித்துப் பார்க்க "கோல்" என்று தேடினேன். வரவில்லை! கண்முன்னே இருக்கிறது, வரவில்லை. நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கிற "கோ"வை, கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் போடலாம், இரட்டைச் சுழியையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடுகிற நிரலுக்கு வேறு வேறு. அந்த மனிதர் பழைய கீபோர்டில் தனித்தனியாக அடித்திருக்கிறார். மொத்தத் தலைப்புகளையும் ஒரே வகைக்கு மாற்ற ஏழு வரியில் ஒரு பைத்தான் துண்டு எழுதி ஓட்டினேன். அந்த ஞாயிறு அதற்கே சரியாகிவிட்டது.

இப்போதெல்லாம் எதைச் சேர்த்தாலும் தலைப்பை நம்புவதில்லை. என் வாயில் வருகிற சொற்களைக் குறிச்சொல்லாகப் போடுகிறேன், யாருக்காகச் சேர்த்தேன் என்றும் சேர்த்து. "செல்வம்" என்ற குறிச்சொல்லில் 41 பக்கங்கள் இருக்கின்றன. அதில் பாதியை உனக்கு அனுப்பவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

2001-இல் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போவோமே, அப்போது உன் டைரியின் கடைசிப் பக்கங்களில் முகவரிகளை எழுதி வைப்பாய். பக்கத்திலேயே "சிவா சொன்னது", "மழையில் பார்த்தது" என்று கிறுக்கியிருப்பாய். நான் கிண்டல் செய்தேன். இப்போது அதையேதான் செய்கிறேன்.

சரி, அந்தப் பக்கம். போய்ப் பார்த்தால் 404. புக்குவில் ஒரு வசதி உண்டு, ஒரு நம்பரைக் கொடுத்தால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் பழைய நகல் இருந்தால் திறந்து காட்டும். இருந்தது! எழுத்து முழுக்க இருக்கிறது, பிரின்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படம்தான் இல்லை. படம் இருந்த இடத்தில் உடைந்த கட்டம் மட்டும் தெரிகிறது.

மணிக்கோடு போடும் கணக்கு அதில் இருக்கிறது. உன் காரைக்குடிக்கு அட்சரேகை 10 டிகிரி என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். தரையில் கிடத்துகிற தட்டு என்றால் 11 மணிக்கோடு 12-லிருந்து 2.7 டிகிரிதான் தள்ளி விழுகிறது, 10 மணிக்கோடு 5.7. நம் அட்சரேகைக்கு நடுவில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூட முற்றத்துக்கு என்றால் தட்டைப் பெரிதாக வெட்டச் சொல், அல்லது பூமத்திய ரேகைத் தளத்துக்கு இணையாகச் சாய்த்து வைக்கிற வகைக்குப் போ. அதில் மணிக்குச் சரியாக 15 டிகிரி. இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படத்துக்காக என் பழைய மெயில்களையும் தேடினேன். நீ 2011 ஆகஸ்டில் போட்ட பதில் கிடைத்தது. "படம் அருமை, பிரின்ட் எடுத்து லேப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். நாளைக்குப் பள்ளிக்கூடம் போனதும் அந்தக் கதவைத் திறந்து பாரேன். இருந்தால் போனில் படம் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பு.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
ராஜு