வேலையை விடாதே தம்பி, வெள்ளிக்கிழமைகளை எண்ணு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டெட்ராய்ட்டில் கைநிறையச் சம்பளம் தரும் பொறியாளர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ஒரு வருடம் முழுநேரமாக ரேஸ் ஓட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். ரேஸை வேண்டாம் என்று சொல்லவில்லை, ராஜினாமாவைத்தான் வேண்டாம் என்கிறேன். அமெரிக்க ரேஸிங்கில் நீ போக நினைக்கும் பாதை, சம்பளம் வாங்குகிறவர்களுக்கென்றே அமைந்த பாதை.

ஜான் ஹைன்ரிசியைப் பற்றி அலுவலகத்தில் யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் 38 ஆண்டு வேலை பார்த்து 2008-இல் ஓய்வு பெற்ற பொறியாளர். எஸ்.சி.சி.ஏ. என்ற அமெரிக்கக் கார் ரேஸ் சங்கம் நடத்தும் ரன்ஆஃப்ஸ் என்ற தேசிய இறுதிப் போட்டியில் பத்துக்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்கள் வாங்கியிருக்கிறார், அவற்றில் பல கம்பெனி அடையாள அட்டை சட்டைப்பையில் இருந்த காலத்திலேயே. 1990 மார்ச்சில் டெக்சஸின் ஃபோர்ட் ஸ்டாக்டன் சோதனைப் பாதையில் அதே கம்பெனியின் கார்வெட் இசட்ஆர்-1 கார் ஒன்று, 24 மணி நேரம் மணிக்குச் சராசரி 175.885 மைல் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்தது. மாறி மாறி ஓட்டிய எட்டுப் பேரில் அவரும் ஒருவர். 2008 மே மாதம் அந்தக் கம்பெனியின் இன்னொரு காரான காடிலாக் சிடிஎஸ்-வி-யை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 7 நிமிடம் 59.32 விநாடியில் சுற்றி வந்தவரும் அவர்தான். பகலில் எந்தக் காரைத் திருத்தினாரோ, அந்தக் காரின் எல்லையை ஓட்டிப் பார்க்கவும் அவரால் முடிந்தது. வேலை ஓட்டத்துக்கு உதவியது, ஓட்டம் வேலைக்கு உதவியது. உனக்கும் அதே ஊரில், அதே தொழிலில் இடம் கிடைத்திருக்கிறது. அதை ஏன் கையை விட்டு நழுவ விடுகிறாய்?

இன்னொன்றையும் யோசி. தெருக் கார்களை ஒட்டி அமைத்த ஜிடி கார்களின் ரேஸில் ஓட்டுநர்களைப் பிளாட்டினம், கோல்ட், சில்வர், பிராண்ஸ் (வெண்கலம்) என்று தரம் பிரிக்கிறார்கள். நெடுநேர ஓட்டங்களின் உலகப் போட்டியில், எல்எம்ஜிடி3 என்ற ஜிடி பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கலத் தர ஓட்டுநர் கட்டாயம், அவர் பிரெஞ்சு நாட்டின் ல மான்ஸ் 24 மணி ஓட்டத்தில் குறைந்தது 6 மணி நேரம் ஓட்டியாக வேண்டும். பெரும்பாலும் அந்த வெண்கலத் தர ஓட்டுநர் வேறு தொழிலில் சம்பாதிக்கிறவர், காரின் செலவையும் அவரே சுமப்பார். டெக்சஸில் கார் விற்பனை நிலையங்கள் நடத்தும் பென் கீட்டிங், 2006 கிறிஸ்துமஸுக்கு மனைவி பரிசாகக் கொடுத்த டிராக் டேயில் (ரேஸ் பாதையில் சொந்தமாக ஓட்டிப் பார்க்கும் நாளில்) தொடங்கினார். 2022-இலும் 2023-இலும் ல மான்ஸில் தன் பிரிவில் வென்றார். அவர் முதலாளி, நீ சம்பளக்காரன், அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் இப்படிப்பட்டவரோடு ஒரே காரை மாறி மாறி ஓட்டும் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் முழுநேர ஓட்டுநர்களில் பலர், இப்படி ஒருவர் அழைப்பாரா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ராஜினாமா செய்தால் நீ சேரப்போவது அந்த வரிசையில்.

சரி, கணக்குக்கு வருவோம். பணத்துக்குத் தட்டுப்பாடு வருவதற்கு முன்னால் லீவு தீர்ந்துவிடும். வட்டார ரேஸ் என்றால் வழக்கமாக வெள்ளி பயிற்சி, சனி தகுதிச் சுற்றும் ஒரு ரேஸும், ஞாயிறு இன்னொரு ரேஸ். ஆறு வார இறுதிகள் ஓடினால் ஆறு வெள்ளிக்கிழமை போகும். ரன்ஆஃப்ஸுக்குத் தகுதி பெற்றால் ஒரு வேலை வாரம் முழுதும் அங்கேதான். ஆக 11 நாள். உனக்கு ஆண்டுக்கு 15 நாள் லீவு என்றால் மிச்சம் நாலு, அதில்தான் ஊருக்கு வர வேண்டும், காய்ச்சலிலும் படுக்க வேண்டும். அதனால் முதல் வருடம் நாலு ரேஸ் போதும். தென்மேற்கு மிச்சிகனின் ஜிஞ்சர்மேனும் ஒஹையோவின் மிட்-ஒஹையோவும் டெட்ராய்ட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவு. விஸ்கான்சினில் இருக்கும் ரோட் அமெரிக்காவுக்கு ஏரியைச் சுற்றி சிகாகோ வழியாகப் போக வேண்டும், ட்ரெய்லரோடு ஒரு பகலே ஓடிவிடும். அதை இரண்டாம் வருடத்துக்கு வை. ரேஸ் காலண்டர் வெளிவந்த வாரமே தேதிகளை மேனேஜரிடம் கொடு. மே மாதம் போய் நின்றால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும், ஜனவரியில் சொன்னால் அது திட்டம்.

கம்பெனியின் வெளிவேலை விதிகளை முழுதாகப் படி. உன் கம்பெனிக்கு உதிரிபாகம் விற்கிறவர்களிடம் டயரோ ஸ்டிக்கர் பணமோ வாங்காதே. நீ நேர்மையாக இருந்தாலும் அது லஞ்சம் மாதிரித் தெரியும். அனுமதி இல்லாமல் கம்பெனியின் சின்னத்தைக் கதவில் ஒட்டாதே. நீ இன்னும் எச்-1பி விசாவில்தான் இருக்கிறாய். அது உன்னை அமர்த்திய நிறுவனத்துக்கு மட்டுமே உழைக்க அனுமதி. ஸ்பான்சர் பணம், பரிசுப் பணம், கூலிக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது எதுவானாலும் குடியேற்ற வக்கீலைக் கேட்ட பிறகுதான் கைநீட்ட வேண்டும். உன் சொந்தக் காசில் ஓட்டுவதுதான் இப்போதைக்குச் சிக்கலில்லாத வழி. வரிவிலக்கையும் நம்பாதே. பொழுதுபோக்கு என்று வருமான வரித்துறை முடிவு செய்தால் 2018 முதல் செலவைக் கழிக்க முடியாது, வருமானத்துக்கு மட்டும் வரி உண்டு.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் பொய் எழுதாதே. தனியாக எடுக்கும் ஆயுள் காப்பீட்டில் கார் ரேஸ் ஓட்டுவீர்களா என்று கேட்பார்கள். மறைத்துவிட்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் ஏதாவது நடந்தால், குடும்பத்தின் கைக்கு வர வேண்டியதை நிறுத்திவைக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். தெருவுக்கு எடுத்த கார் காப்பீடு ரேஸுக்குச் செல்லாது. மோதினால் கார் உன்னுடைய நஷ்டம். அதனால் எந்தக் கார் நொறுங்கினாலும் திங்கட்கிழமை தூங்க முடியுமோ, அந்த விலைக்குள் வாங்கு.

அந்தக் கார் ஸ்பெக் மியாட்டா, அதாவது எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி மாஸ்டா மியாட்டாவில் ஓட்டும் பிரிவின் கார், என்பது என் கருத்து. நீயே கட்டாதே, கட்டி முடித்து லாக்புக்கோடு (ரேஸ் சங்கம் தரும் பதிவேட்டோடு) இருப்பதை வாங்கு. ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு), சீட், பெல்ட் என்று நீ செலவழிப்பதில் பாதிகூட மறுவிற்பனையில் திரும்பாது. வேலைக்குப் போகிறவனுக்கு மாலை நேரம்தான் மூலதனம், அதை வெல்டிங்கில் கரைக்காதே. லைசென்ஸுக்கு முதலில் நாசாவின் (விண்வெளி நாசா அல்ல, தேசிய ஆட்டோ ஸ்போர்ட் சங்கம்) எச்பிடிஇ என்ற ஓட்டுநர் பயிற்சியின் முதல் படியிலிருந்து ஏறு. பிறகு எஸ்.சி.சி.ஏ. மருத்துவப் படிவம், நோவிஸ் பெர்மிட் (புதியவருக்கான அனுமதி), ஓட்டுநர் பள்ளி. ஹெல்மெட் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ முத்திரையோடு இருக்க வேண்டும், மோட்டார் சைக்கிளுக்கான எம் முத்திரை செல்லாது, ஏனென்றால் எஸ்ஏ-வில் தீத்தாங்கும் சோதனையும் உண்டு. தீத்தாங்கும் உடைக்கு எஸ்எஃப்ஐ 3.2ஏ/5 தர முத்திரை உள்ளதை வாங்கு. அது தோல் கடுமையாக வேகும் முன் சுமார் 10 விநாடி தரும், ஒற்றை அடுக்கு /1 உடை தருவது 3 விநாடி. பெல்ட்டில் தைத்திருக்கும் தேதியைப் பார், காலாவதியானால் பரிசோதகர் திருப்பி அனுப்புவார், உன் வெள்ளிக்கிழமை லீவு வீண்.

இப்போது உடைவதைப் பற்றி. மியாட்டாவில் முன் சக்கர ஹப் பேரிங் அடிக்கடி போகும். ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். லேசாக ஆடினாலே மாற்று, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் சக்கரம் கழன்று போகும். சக்கர நட்டை 80 பவுண்டு-அடி முறுக்கு, முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி சரிபார்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். சாதாரண டாட் 4 ஆயில் புதிதாக 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரம், நீர் சேர்ந்தால் 155 போதும் என்று அதே தரம் சொல்கிறது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸ் ஆயில் புதிதாக 312 டிகிரி தாங்கும். ஆயில் கொதித்தால் குமிழியாகும், குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் அரை லிட்டர் புட்டி இரண்டு திறந்து, பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது என்ற வரிசையில் காற்றெடு. மிஞ்சிய புட்டியை அடுத்த ரேஸுக்கு வைக்காதே. பெட்ரோல் கால் டாங்க்குக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் பம்புக்கு எட்டாமல் இன்ஜின் இருமும், அதையும் நினைவில் வை.

உதிரிப் பெட்டியில் முன் ஹப் ஒன்று, கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், ஆல்டர்னேட்டர் பெல்ட், பற்றவைப்பு வயர் செட், ரேடியேட்டர் ஹோஸ், சக்கர ஸ்டட் நாலு, பிரேக் பேட் ஒரு செட் இருக்கட்டும். இவை போனால் டிராக்கிலேயே மாற்றலாம், வேறு எது போனாலும் பெரும்பாலும் வீட்டுக்குத்தான். ரேஸ் முடிந்த செவ்வாய் மாலையே காரின் அடியில் படு. குறை அப்போது தெரிந்தால் ஆர்டர் செய்த பாகம் அடுத்த ரேஸுக்கு முன் வந்துசேரும். முந்தின வியாழன் இரவு பார்க்கிறவன் வெள்ளிக்கிழமை லீவை கராஜில் கழிப்பான்.

ட்ரெய்லரில் காரைப் பின்னால் தள்ளி நிறுத்தாதே. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். அதற்குக் கீழே போனால் 60 மைல் வேகத்திலேயே வால் ஆடத் தொடங்கும், பிரேக் அடித்தால் இன்னும் ஆடும். ஞாயிறு ரேஸ் முடிந்து இருட்டில் ஓட்டி வந்து திங்கள் எட்டு மணிக் கூட்டத்தில் உட்காரப் போகிறாய் என்றால், ஓட்டுவதற்கு இன்னொருவரையும் அழைத்துப் போ. தலை அடிபட்ட ரேஸ் என்றால் திங்கள் அலுவலகம் கிடையாது, டாக்டர்தான்.

பார்த்து வைத்திருக்கிற கார் 1990 மாடல் என்று எழுதியிருந்தாயே. அந்தக் காலத்து 1.6 லிட்டர் இன்ஜினில், 1991 நடுவில் மாற்றும் வரை, கிராங்க் ஷாஃப்டின் மூக்கு குட்டை. முன்னால் இருக்கும் போல்ட் தளர்ந்தால் கீவே என்ற பூட்டுப் பள்ளம் தேய்ந்து கிராங்கே போய்விடும். இன்ஜின் நடுவில் மாற்றியிருக்கலாம் என்பதால் காரின் வருடத்தை நம்பாதே. டார்ச் எடுத்துப்போய் கிராங்க் புல்லியில் வெட்டுகளை எண்ணு. எட்டு இருந்தால் மேலே பேசு, நாலு என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்