ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த சீட்டு

அம்மிணி,

நேற்று ராத்திரி நீ போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் எனக்கும் பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் பேரன் தம்பி தூங்கின பிறகு நிதானமாகப் படி.

எட்டு மாசமாகப் புருஷனைப் பிரிந்து பிள்ளையோடு தனியாக இருக்கிறாய். 16,000 ரூபாய் சம்பளத்தில் ஓசூர் வாடகை, ஸ்கூல் பீஸ், பால், கேஸ் எல்லாம் பார்த்து, பத்தாமல் செல்போன் ஆப்பில் கடன் வாங்கி, அதை அடைக்க இன்னொன்று, அதையும் அடைக்க மூன்றாவது என்று போயிருக்கிறது. நான் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேம்மா" என்றாய். எனக்குக் கோபமில்லை கண்ணு. அப்படிச் சொல்ல உனக்குப் பழக்கிவிட்டதே நான்தான்.

உன் அப்பா 2008இல் நம்மை விட்டுவிட்டு வீட்டை விட்டுப் போனபோது உனக்குப் பதினொரு வயசு. பனியன் கம்பெனிச் செக்கிங் வேலையில் நல்ல சீசனாக இருந்தால் வாரம் முழுக்க ஒண்ணரை ஷிப்டு கிடைக்கும், எப்படியோ ஓட்டிவிடுவேன். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டது. நொய்யல் ஆறு கெட்டுப்போனது நிஜம், அந்த விவசாயிகள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் சாயம் ஏறாமல் துணி வராது, துணி வராமல் எனக்கு வேலை வராது. வாரம் ரெண்டு ஷிப்டுக்கு வந்து நின்றது. லைன் வீட்டில் பாதிப் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நமக்குப் போக ஊர் இல்லை. ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி, அந்த ஜூனிலிருந்து அதுவும் இலவசம் என்று ஆனது. நாம் பட்டினி கிடக்காமல் இருந்ததற்கு அந்த அரிசிதான் காரணம்.

அப்போதுதான் என் அரைப்பவுன் தோட்டை அடகு வைத்தேன். காது தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சியை ஒடித்துச் சொருகிக்கொண்டேன். நீ கேட்டாய். "காதுல புண்ணு, ஆறட்டும்னு கழட்டி வெச்சிருக்கேன்" என்று சொன்னேன். மறுநாள் நீ பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் வாங்கிவந்து என் காதில் தடவிவிட்டாய். இல்லாத புண்ணுக்கு உன் விரல் பட்டபோது எனக்குள் என்ன ஆனது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதே வருஷம் ஒரு நாள் பஸ்ஸுக்குச் சில்லறை தேடி உன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸுக்கு அடியில் நாலாக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. ஊட்டி டூர், 350 ரூபாய், பெற்றோர் கையெழுத்து. தேதி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. நீ என்னிடம் காட்டவே இல்லை. பஸ்ஸில் போனால் வாந்தி வரும் என்று டீச்சரிடம் நீ சொல்லியிருந்தாய், அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. உனக்கு எந்தப் பஸ்ஸிலும் வாந்தி வந்தது கிடையாது. நான் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அது காணோம் என்று நீயும் கேட்கவில்லை.

ஒரே அறையில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு நீ என்னிடம் மறைத்தாய், நான் உன்னிடம் மறைத்தேன். பிள்ளைக்குக் கஷ்டம் தெரியாமல் வளர்க்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. உனக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. அதை யாரோடும் பேசக்கூடாது என்பதை மட்டும்தான் என்னிடமிருந்து கற்றுக்கொண்டாய்.

அதனால் கேட்கிறேன், தம்பியிடம் மறைக்காதே. ஆறு வயசுப் பையனிடம் வட்டிக் கணக்கு பேச வேண்டாம். "இந்த வாரம் காசு கம்மி சாமி, சம்பளம் வந்ததும் வாங்கலாம்" என்று சிரித்த முகமாகச் சொல், போதும். சொன்ன நாளில் வாங்கியும் கொடு, பத்து ரூபாய்ப் பொருளாக இருந்தாலும்.

இனி கடன். ராத்திரியில் மனசுக்குள் கூட்டிப் பார்க்காதே, ராத்திரிக் கணக்கு எப்போதும் பெரிசாகத்தான் தெரியும். பகலில் நோட்டில் எழுது. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி. எனக்கு அந்தப் புத்தி வந்தது பத்து வட்டிக்கு 5,000 வாங்கின பிறகுதான். முதல் மாச வட்டி 500ஐப் பிடித்துக்கொண்டு 4,500தான் கையில் கொடுத்தார்கள். மாசாமாசம் 500 கட்டினேன். நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தால் பத்து மாசத்தில் 5,000 கட்டியாகிவிட்டது, அசல் அசையாமல் அப்படியே நிற்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் மகளிர் குழுவில் வாயைத் திறந்து கேட்டேன். ஒரு வட்டிக்குக் கொடுத்தார்கள், அதை வைத்து இதை அடைத்தேன். கேட்க வெட்கப்பட்டே பத்து மாசம் ஓடியிருக்கிறது, பார். தோட்டை மீட்டது 2013 தீபாவளி போனஸில்.

வாடகையையும் நான் மாசக் கடைசி வரைக்கும் வைத்திருக்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் 300 ரூபாயை வீட்டுக்கார அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் மளிகைக் கடைக்குப் போவேன். கையில் இருந்தால் கரைந்துவிடும். உனக்கு மாசச் சம்பளம், அன்றைக்கே அனுப்பிவிடு.

அந்த ஆப்காரன் உன் போட்டோவை ஆபீஸ் ஆட்களுக்கு அனுப்புவேன் என்றானாமே. பயப்படாதே. கடன் கொடுக்கிற ஆப் உன் போனில் இருக்கிற நம்பரையும் போட்டோவையும் எடுக்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்கள் கம்பெனியில் ஒரு பிள்ளைக்கு இதே கதை நடந்தது, போலீஸில் புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். மிரட்டி வந்த மெசேஜ் எதையும் அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. சைபர் கிரைமுக்கு 1930க்குப் போன் பண்ணு. ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்குவதை இன்றோடு விடு. என் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. முடிந்து 18,000 வந்திருக்கிறது, அதில் முதலில் அந்த ஆளின் கணக்கை முடிப்போம். வேண்டாம் என்று சொல்லாதே.

இன்னொன்று சொல்ல வேண்டும், உனக்குப் பிடிக்காது. தம்பியின் அப்பாவிடம் செலவுக்குக் கேள் என்றால் "அவன் காசு எனக்கு எதுக்கு" என்கிறாய். இதே வார்த்தையை நானும் சொன்னேன். உன் அப்பாவிடம் பத்துப் பைசா கேட்கமாட்டேன் என்று ரோஷமாக இருந்தேன். ரோஷம் என்னுடையது, ஊட்டிக்குப் போகாதது நீ. அப்பனுக்குப் பிள்ளையைக் காப்பாற்றுகிற கடமை இருக்கிறது, அது தம்பியின் பாத்தியதை. கோர்ட்டில் ஜீவனாம்சம் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்ட உதவி மையத்தில் இலவசமாகவே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற நம்பருக்குப் பேசு. கூட வர நான் இருக்கிறேன். எனக்கு அன்றைக்கு அப்படி யாரும் இல்லை.

உன் பெயரும் தம்பி பெயரும் இன்னமும் உன் புருஷன் வீட்டு ரேஷன் கார்டில்தானே இருக்கிறது? நீக்கிவிட்டு உனக்கென்று தனிக் கார்டு வாங்க வேண்டும். கார்டு இருந்தால்தான் அரிசி பருப்பு, மகளிர் உரிமைத் தொகைக்கு மனுப்போடவும் அதுதான் வேண்டும். தம்பியைக் கவர்மென்ட் ஸ்கூலில் சேர்ப்பது பற்றியும் யோசி. அஞ்சாவது வரைக்கும் காலையிலேயே டிபன் போடுகிறார்கள், ஆறரை மணி கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற உனக்கு அது பெரிய உதவி. நீயும் கவர்மென்ட் ஸ்கூலில் படித்தவள்தான். முடிவு உன்னுடையது, நான் வற்புறுத்தமாட்டேன்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறுகிறேன். விடிகாலையில் வந்துவிடுவேன், தம்பியை எழுப்பாதே, நானே எழுப்புகிறேன். அவனுக்குக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவருகிறேன். நீ ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வை.

அந்த டூர் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்துவிட்டது, பார்த்துப் பிரி.

அம்மா