‘மரபணு’ என்று சொல்லிவிட்டுப் போகும் டாக்டர்களுக்கு

கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்பகக் கட்டி பார்க்கும் டாக்டர்களுக்கும், பயாப்சி ரிப்போர்ட் எழுதுகிறவர்களுக்கும், வார்டில் ஆலோசனை சொல்லும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஜாக்கெட் தைக்கிறவள். 21 வருடத் தொழில். என் அக்காவின் கட்டி வளர்கிறது என்பதை முதலில் கண்டது ஸ்கேன் மெஷின் இல்லை, என் இஞ்ச் டேப்தான். பொங்கலுக்குத் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டை மாசியில் கொண்டுவந்து இடது பக்கம் மட்டும் பிரித்துவிடச் சொன்னாள். சித்திரையில் மறுபடியும். உள்ளே மடித்து விட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்துவிட்டது. “பாரேன், எனக்கு ஒரு பக்கம் மட்டும் சதை போடுது” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டி இருப்பது இரண்டு வருடமாகவே தெரியும். ஃபைப்ரோஅடினோமா, ஒன்றும் செய்யாது, விட்டுவிடலாம் என்றார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அது உண்மைதான். ஊசி டெஸ்டிலும் அதே பெயர்தான் வந்தது. ஆனால் எலுமிச்சை அளவில் இருந்தது நாலு மாதத்தில் சாத்துக்குடி ஆனது. ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் பெயர் மாறியிருந்தது: ஃபில்லோட்ஸ் கட்டி, பார்டர்லைன் வகை.

“கேன்சரா சார்?” என்று கேட்டோம். “அப்படியும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. மரபணு மாற்றத்தால வர்ற அபூர்வமான கட்டி. சுத்தி இன்னும் கொஞ்சம் எடுக்கணும்.” அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எந்த ஆஸ்பத்திரி, யார் அந்த டாக்டர் என்று எழுதப்போவதில்லை. அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு அவர் போட்ட தையலைப் பார்த்து ஒரு தையல்காரியாக நான் வியந்திருக்கிறேன். வாசலில் நூறு பேர் நிற்கும்போது அவர் என்ன செய்வார், பாவம். ஆனால் அவர் போகிறபோக்கில் சொன்ன ‘மரபணு’ என்ற அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் செய்த வேலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் காதில் அது ஜீன். எங்கள் காதில் அதன் முதல் பாதிதான் விழுகிறது: மரபு. மரபு என்றால் பரம்பரை. பாட்டியிடமிருந்து வந்தது, பேத்திக்குப் போகும். (இன்னொரு கூட்டம் உண்டு. ‘மரபணு மாற்றம்’ என்றதும் கத்திரிக்காயை நினைத்துக்கொண்டு, “எந்தக் கடையில காய் வாங்கினீங்க?” என்று அக்காவிடம் கேட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார்.) அக்காவுக்கு 23 வயதில் மகள், எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவள். பண்ருட்டிப் பக்கம் ஒரு இடத்தில் ஜாதகம் பொருந்தி, பூ வைக்கிற பேச்சு வரை வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் வழியாக அந்த வார்த்தை அங்கே போய்ச் சேர்ந்தது. “அம்மாவுக்குப் பரம்பரை வியாதியாமே” என்று கேட்டார்கள். அப்புறம் போன் வரவில்லை. அக்கா ஃபைலைக் கொண்டுபோய் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று, கம்மலை அடகு வைத்து மகளுக்கு ரத்தத்தில் ஜீன் டெஸ்ட் எடுத்தோம். ஒன்றுமில்லை என்று வந்தது. எங்களுக்கு நிம்மதி, ஆனால் தேடியதே தப்பான இடம். அக்காவின் கட்டியில் இருந்த மாற்றம் அக்காவின் ரத்தத்திலேயே இருந்திருக்காது, பிறகு மகளின் ரத்தத்தில் எப்படி இருக்கும்?

இதை எங்களுக்குப் புரியவைத்தவர் இரண்டாவது கருத்துக்காக ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு போன இடத்தில் இருந்த ஒரு இளம் டாக்டரம்மா. மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்து வந்து, பழைய பில்லின் பின்பக்கத்தில் ஒரு மரம் வரைந்தார். “உங்க ஊர்ப் பக்கம் முந்திரித் தோப்பு இருக்கும்ல? மரம் வளர்ந்த பிறகு ஒரு கிளையில மட்டும் கோளாறு வந்தா, மற்ற கிளையில காய்க்கிற கொட்டைக்கு அது வருமா? விதையிலேயே கோளாறு இருந்தா வேற. இது கிளையில வந்தது.” ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அக்கா அன்றைக்கு ராத்திரிதான் முழுசாகச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா மகள் சும்மா இருக்கவில்லை. அவள் படித்துச் சொன்னதை நான் இங்கே திருப்பிச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

மெட்12 என்று ஒரு ஜீன். மற்ற ஜீன்களை எப்போது முடுக்குவது, எப்போது அடக்குவது என்று பார்க்கிற கூட்டத்தில் ஒரு ஆள். 2014-இல் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் 98 ஃபைப்ரோஅடினோமா கட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் 59 சதவீதத்தில் இந்த ஜீனில் மாற்றம் இருந்தது. அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றி. பால் சுரப்பியின் செல்லில் இல்லை, அதைத் தாங்கி நிற்கிற நார்த்திசுவில். அடுத்த வருடம் ஃபில்லோட்ஸ் கட்டிகளையும் சேர்த்து 100 கட்டிகளைப் பார்த்தார்கள். அங்கேயும் அதே மெட்12. பார்டர்லைனுக்கும் அதற்கு மேலும் போகும் கட்டிகளில் டிபி53, ஆர்பி1, ஈஜிஎஃப்ஆர் என்று இன்னும் சில ஜீன்களும் சேர்ந்து கெட்டிருந்தன. ஊசி டெஸ்டில் இரண்டு கட்டிகளும் ஏன் ஒன்றுபோலத் தெரிகின்றன என்பது எனக்கு இப்போது ஓரளவு புரிகிறது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்று அடங்கி இருக்கிறது, ஒன்று வேகமாக வளர்கிறது.

இதைவிட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. 2011-இல் பின்லாந்தில் கர்ப்பப்பை நார்க்கட்டிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். பத்துக்கு ஏழு கட்டியில் இதே மெட்12, இதே இடம். எங்கள் தெருவில் நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களில் யாருடைய மகளுக்காவது அதனால் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறதா? “சித்தி, அதே ஜீன்தான். இடம் மாறினதும் பயமும் மாறிடுச்சு” என்றாள் அக்கா மகள்.

ஃபில்லோட்ஸ் மட்டுமில்லை. மார்பகத்தில் வரும் அபூர்வக் கட்டிகள் பலவற்றுக்கு இப்படி ஒரு ஜீன் அடையாளம் இருக்கிறதாம். செக்ரீட்டரி கார்சினோமா என்ற புற்றுநோய் வகையில் 12-ஆம், 15-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டு, ஈடிவி6, என்டிஆர்கே3 என்ற இரண்டு ஜீன்கள் ஒன்றாகிவிடுகின்றன. அப்படி ஒட்டிய ஜீனைக் குறிவைக்கும் மாத்திரை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. அடினாய்டு சிஸ்டிக் வகையில் எம்ஒய்பி என்ற ஜீன் இப்படி ஒட்டிக்கொள்வது உண்டு. இரண்டுக்குமே ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ என்று வரும், அதாவது வழக்கமாகத் தேடுகிற இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2-வும் கட்டியில் இல்லை என்று. அதை இணையத்தில் தேடுகிறவள் அன்றைக்கே செத்துப்போவாள். ஆனால் இந்த இரண்டும் பெரும்பாலும் மெதுவாகப் போகிறவை, மற்ற டிரிப்பிள் நெகட்டிவ் மாதிரி இல்லை என்கிறார்கள். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு வரி போதாதா?

பரம்பரையாக வருவதே கிடையாது என்று சொல்லச் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை பரம்பரையாக வருகிறது, பிஆர்சிஏ ஜீன்கள் அதில் முக்கியமானவை. ஃபில்லோட்ஸிலும், டிபி53 மாற்றம் பிறப்பிலேயே இருக்கிற குடும்பங்கள் அபூர்வமாக உண்டு. அப்படிச் சந்தேகம் இருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள்: சின்ன வயதில் யாருக்காவது புற்றுநோய் வந்ததா, அம்மா வழியில் என்ன, அப்பா வழியில் என்ன என்று. எங்களிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லை. கேட்காமலே ‘மரபணு’ என்று சொல்லிவிட்டால், கேள்வியும் பதிலும் உறவுக்காரர்கள் வாயில் போய்விடுகின்றன.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ‘மரபணு’ என்ற வார்த்தையை எடுத்தால் அதே மூச்சில் “இது கட்டிக்குள் மட்டும் வந்த மாற்றம், பிள்ளைகளுக்குப் போகாது” என்பதையும் சொல்லிவிடுங்கள். பரம்பரை என்றால் பரம்பரை என்றே சொல்லுங்கள், தாங்கிக்கொள்வோம். ரிப்போர்ட்டோடு தமிழில் ஒரு பக்கம் வையுங்கள், எங்கள் வீடுகளில் அதைப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. வேகமாக வளர்கிற கட்டி என்றால், ஊசி டெஸ்ட் நல்லபடியாக வந்தாலும் அதோடு விடாமல் கொஞ்சம் பெரிய ஊசியில் சதை எடுத்துப் பாருங்கள். அதிலும் தப்பலாம் என்று தெரியும், இருந்தாலும். அப்புறம் கட்டியின் துண்டைப் பதித்து வைக்கிற அந்த மெழுகுக் கட்டை, பிளாக் என்பீர்களே, அதையும் ஸ்லைடையும் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். கடலூரில் எடுத்த கட்டியைப் புதுச்சேரியில் இன்னொரு கண் பார்க்கட்டும் என்று கன்னியக்கோயில், அரியாங்குப்பம் வழியாகப் பஸ் ஏறுகிறவர்கள் நாங்கள். பையில் அந்தக் கட்டை இல்லாமல் போனால் மறுநாளும் அதே பஸ்ஸில்தான் உட்கார்ந்திருப்போம்.

சுற்றிலும் எடுக்க வேண்டியதை எடுத்து, இரண்டாவது ஆபரேஷனும் முடிந்துவிட்டது. ஓரங்களில் எதுவும் இல்லை என்று வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். அக்காவின் புது அளவுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேன், இடது பக்கம் உள்ளே ஒரு பஞ்சுத் துண்டு வைத்து. பண்ருட்டிக்காரர்கள் திரும்பி வரவில்லை. அக்கா மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தப் பழைய பில்லின் பின்பக்கத்து மரப்படத்தை வாங்கி, தன் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அடுத்த செக்கப்புக்கு அவளும் வருகிறாள். நிறைய கேட்பாள், அன்றைக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர் தையல்காரி ஒருத்தி