கிளாட் மறுமுறை எழுதும் பிள்ளைகளுக்காக: வட ஆற்காட்டுத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத்தேர்வுதான் கிளாட். "கிளாட்டை இன்னொரு தடவை எழுத வைக்கலாமா?" என்று பெற்றோர் கேட்டு வருவது பெரும்பாலும் ஜூன் மாதத்தில். அந்தக் கேள்வி ஏப்ரலில் வர வேண்டியது. ஏப்ரலில் முடிவெடுக்க வேண்டும், எடுத்த பிறகும் மே மாதம் வரும் மாநில சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை விட்டுவிடக் கூடாது. நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான். பிள்ளைகள் கடைசியில் காது கொடுப்பது வகுப்பாசிரியர் சொல்லுக்கு என்பதால் உங்களுக்கு எழுதுகிறோம்.

முன்பு கிளாட் பிளஸ் டூ முடிந்த பிறகு எழுதும் தேர்வு. 2022 டிசம்பர் 18 முதல் டிசம்பருக்கு மாறிவிட்டது. 2024-இல் டிசம்பர் 1, 2025-இல் டிசம்பர் 7. அதாவது முதல் முறை எழுதும் பிள்ளை பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே எழுதி, மதிப்பெண்ணையும் அந்த மாதமே பார்த்துவிடுகிறது. மதிப்பெண் குறைந்தால் மனம் உடனே அடுத்த டிசம்பருக்குத் தாவும். ஜனவரி, பிப்ரவரி முழுக்க மாதிரித் தாள் போடும். இதுதான் பெரிய சேதம். காட்பாடியில் இருக்கும் அரசு சட்டக் கல்லூரி உட்பட, தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கிளாட்டில் விட்டதைப் பிடிக்கப் போய் பொதுத்தேர்வையும் விட்டால் இரண்டு கதவும் சேர்ந்து மூடும்.

ஆகவே டிசம்பரில் செய்ய வேண்டியது ஒன்றே. வினாத்தாளையும் ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விடைக்குறிப்பு வந்ததும் சரி, தவறு, விட்டது என்று ஒரு தாளில் குறித்து, அந்தத் தாளையும் உள்ளே வைத்துக் கோப்பை மூடிவிட வேண்டும். மார்ச் கடைசியில் திறந்தால் போதும்.

திறந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அது எப்படி வந்தது என்று பாருங்கள். தாளில் 120 கேள்வி, 120 நிமிடம். சரிக்கு 1, தவறுக்கு 0.25 கழிவு. நூறு கேள்வி தொட்டு அறுபது சரியானவருக்கு 50 மதிப்பெண். அதே அறுபதை எண்பத்தைந்து தொட்டுப் பெற்றவருக்கு 53.75. கண்மூடித்தனமாகக் குறித்துப் போனது சில வாரப் பயிற்சியில் சரியாகும் குறை. நேரம் போதாமல் கடைசி முப்பது கேள்வியைப் பார்க்கவே முடியாமல் போனது வேறு வகைக் குறை. பத்தி ஒவ்வொன்றும் 450 சொல் வரை போகும். ஐந்து கேள்விக்கு ஒரு பத்தி என வைத்துக்கொண்டால் 24 பத்தி, உச்ச அளவில் 10,800 சொல், எல்லாம் ஆங்கிலத்தில். நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்குப் படிக்கவே 72 நிமிடம் போய்விடும், மீதி 48 நிமிடத்தில் கேள்விக்கு 24 நொடி. 200 சொல் படிப்பவருக்கு 33 நொடி கிடைக்கும். தமிழ் வழியில் படித்து வந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் அடிபடுவது இந்த ஒன்பது நொடியில்தான், சட்ட அறிவில் அல்ல. ஒரு பத்தியைக் கொடுத்துக் கடிகாரத்தை வைத்து அளந்தால் உங்கள் வகுப்பறையிலேயே இது தெரிந்துவிடும்.

படிக்கும் வேகம் மூன்று மாதத்தில் ஏறாது. தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை நேரம் வைத்துப் படித்து வந்தால் ஏழெட்டு மாதத்தில் ஏறும். ஏப்ரல் என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். நடப்புச் செய்திப் பகுதியில் 28 முதல் 32 கேள்வி வரும். போன ஆண்டு படித்த செய்தி பெரும்பாலும் பழசாகிவிடும், அன்றன்றைக்குச் சேர்த்து வைத்தால்தான் உண்டு. ஆகஸ்டில் உட்கார்ந்து மொத்தமாக விழுங்க முடியாது.

வேகம் ஓரளவு இருந்து, பிழை அவசரத்தாலோ பயிற்சிக் குறைவாலோ வந்திருந்தால் மறுமுறை எழுதச் சொல்லுங்கள். முதல் முறையே ஓராண்டு முழு மூச்சாகப் படித்து எழுதிய பிள்ளைக்கு அதே முறையில் இன்னோர் ஆண்டு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இணையத்தில் கிடைக்கும் மறுதேர்வு ஆலோசனையில் பாதி அமெரிக்காவின் சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வான எல்சாட்டைப் பற்றியது. அங்கே ஆண்டில் பல முறை தேர்வு உண்டு, வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம், பழைய மதிப்பெண்களும் கல்லூரிக்குப் போகும், விண்ணப்பம் வர வர இடம் நிரம்பும். அதனால் ஜனவரியில் மறுதேர்வு எழுதுவது அவர்களுக்குத் தாமதம். நம் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, "இரண்டாவது முறை எழுதினால் மதிப்புக் குறையுமா, முதலில் விண்ணப்பித்தால் முன்னுரிமை உண்டா?" என்று குழம்புகிறார்கள். கிளாட்டில் அந்த ஆண்டு மதிப்பெண் மட்டுமே கணக்கு. உச்ச வயது வரம்பு இல்லை. முதல் நாள் விண்ணப்பித்தவருக்கும் கடைசி நாள் விண்ணப்பித்தவருக்கும் தரவரிசையில் வேறுபாடு இல்லை.

இனி மே மாதம். மறுமுறை எழுதுவதென்று முடிவான பிள்ளையும் அரசு சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்கான அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போட்டே ஆக வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத முன்னுரிமை உண்டு. கிளாட்டை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்துக்கு 2025 சேர்க்கையே சாட்சி. விடைக்குறிப்புப் பிழை வழக்காகி, டெல்லி உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் மே 7 அன்று முடிவு சொல்லும் வரை இளநிலைக் கலந்தாய்வு நின்றே போனது.

காட்பாடியில் சேர்ந்துகொண்டே மறுமுறை எழுதலாமா என்றால், எழுதலாம். சிலவற்றைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார் கவுன்சில் விதிப்படி 70 சதவீத வருகை கட்டாயம். இடையில் வேறு கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நுழையவும் முடியாது, கிளாட்டில் இடம் கிடைத்தால் முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கும். வெளியே வரும்போது மாற்றுச் சான்றிதழ் தர வேண்டியது அந்தக் கல்லூரி, உங்கள் பள்ளி அல்ல. ஆகவே சேரும் முன்பே எல்லாவற்றுக்கும் இரண்டு தொகுதி சான்றொப்பமிட்ட நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கிளாட் விண்ணப்பம் ஜூலையிலோ ஆகஸ்டிலோ திறந்து அக்டோபரில் மூடும். சில நாள் நீட்டித்தது உண்டு, அதை நம்பி இருக்க வேண்டாம். கட்டணம் 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 3,500. பிழை நேர்வது இங்கேதான். ப்ரவுசிங் சென்டர்காரர் தன் கைபேசி எண்ணைப் போட்டுப் பதிவு செய்துவிடுவார். நுழைவுச் சீட்டு வரும் நாளில் தகவல் அவருக்குப் போகும், பிள்ளை கடைக்கு அலையும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரோடு இனிஷியல் இருக்கும், ஆதாரில் இனிஷியலே இருக்காது, விண்ணப்பத்தில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார்கள். மூன்றும் மூன்று ஆளாகிவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் நம் மாநிலத்தவருக்குத் தனி இடங்கள் உண்டு. இருப்பிடத்தையும் சாதிப் பிரிவையும் விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும், மூடிய பிறகு சேர்க்க முடியாது. வெளிமாநில நிறுவனங்கள் சில கேட்கும் ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் இருக்க வேண்டும். பள்ளியில் வைத்திருக்கும் நம் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

டிசம்பர் மழையையும் கணக்கில் கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, மறுநாள் ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குத் தேர்வு. சென்னை மையம் கிடைத்தவர்கள் சனிக்கிழமையே காட்பாடியில் ரயில் ஏறிவிட வேண்டும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. செப்டம்பரில் ஒரு நாள், இருப்பிடச் சான்றிதழும் மத்திய ஓ.பி.சி. சான்றிதழும் வாங்க வேண்டிய பிள்ளைகளை, பள்ளியை விட்டுப் போனவர்களையும் சேர்த்து, வரவழைத்து இ-சேவை மையத்துக்கு அனுப்பி வையுங்கள். தேர்வுக்கு மறுநாள் திங்கட்கிழமை, முதல் முறை எழுதிவிட்டு வரும் பிளஸ் டூ பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வோ திருப்புதல் தேர்வோ வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வேலூரில் சட்டப் படிப்புக்கு வழிகாட்டும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும்