அந்த ஆக்டிவேட்டர் கருவியைப் போடுவதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு,

விண்டோஸை ஆக்டிவேட் செய்ய நண்பன் ஒரு கருவி கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். போடாதே. உரிமம் வாங்காமல் பயன்படுத்துவது சரியா தவறா என்ற வாதத்தை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது என் கவலையெல்லாம் உன் கடவுச்சொற்களைப் பற்றியதுதான்.

கருவியோடு வந்த குறிப்பைத் திறந்து பார். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கச் சொல்லியிருக்கும். ஜிப் கோப்புக்குப் பூட்டு வேறு போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸ் பார்த்துவிடக் கூடாதே! முன்பின் தெரியாதவன் வந்து, நாயைக் கட்டிப்போட்டுவிட்டு பீரோ சாவியைக் கொடு என்றால் கொடுப்பாயா?

நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் உரிமத்தைத் தங்கள் சர்வர் வழியாகவே சரிபார்த்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் செய்த ஏற்பாடுதான் கேஎம்எஸ். இந்தக் கருவிகளில் பல, உன் கணினிக்குள்ளேயே ஒரு போலி சர்வரை உட்கார வைக்கின்றன. அந்தப் போலி சர்வர் தரும் ஒப்புதல் 180 நாள்தான் செல்லும். அதைப் புதுப்பிக்க, கருவி பின்னணியில் தங்கியிருக்கும். ஆகவே ஒரு தடவை ஓட்டிவிட்டு அழித்துவிடலாம் என்று எண்ணாதே.

நண்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறாய். அவனுக்கு எப்படித் தெரியும்? 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டர் கருவியின் போலி இன்ஸ்டாலர்களைப் பற்றி எழுதியது. விண்டோஸ் கேட்டபடியே ஆக்டிவேட் ஆகும்; கூடவே கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரலும் இறங்கும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், குக்கிகள் (நீ உள்நுழைந்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைத்துக்கொள்ள உதவும் சிறு பதிவுகள்), கிரிப்டோ வாலட் எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு போகும். நீ ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கணக்கின் குக்கி போய்விட்டால், திருடனிடம் பல நேரம் ஓடிபி கூடக் கேட்காது.

ஆக்டிவேட் செய்யாத விண்டோஸும் ஓடும். மூலையில் ஒரு வாசகம் நிற்கும், தோற்றத்தை மாற்றும் சில வசதிகள் கிடைக்காது, அவ்வளவுதான். பாதுகாப்பு அப்டேட்டுகள் வந்துகொண்டிருக்கும். எழுத்து வேலைக்கு லிப்ரெஆபீஸ் இலவசம். உன் கல்லூரிக் கணக்கில் ஆபீஸ் சேர்ந்தே வருகிறதா என்றும் விசாரி.

ஒருவேளை ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால், மறைக்காதே, திட்ட மாட்டேன். முதலில் இணையத்தைத் துண்டித்துவிடு. வேறொரு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ மின்னஞ்சல், வங்கி என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்று. எல்லாக் கணக்குகளிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கொடு. உன் ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் புதிதாக நிறுவு. அந்த ஜிப்பைப் பென்டிரைவில் பத்திரப்படுத்தி வைக்காதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

போட்டாயா இல்லையா என்று இன்றே பதில் எழுது.

அன்புடன்,
அம்மா